பாலாற்று மணலில் பழகிக்கொண்டு பைன் காட்டுக் கடற்கரைக்குப் போவது எப்படி?

ராணிப்பேட்டையில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வரும் செப்டம்பரில் அலுவல் நிமித்தமாக அவர் பிரான்சுக்குப் போகிறார். வேலை முடிந்ததும், அந்நாட்டின் தென்மேற்குக் கடலோரத்துப் பைன் காடுகள் வழியாகவும் கடற்கரை மணல் வழியாகவும் மூன்று நாள் கிராவல் சைக்கிள், அதாவது தார் போடாத பாதைக்கான சைக்கிள், பயணத்துக்கு அங்குள்ள நண்பர்கள் அழைத்திருக்கிறார்கள். நம் பக்கம் கடலும் இல்லை, பைன் மரமும் இல்லை, கையில் இருப்பதோ 32 மில்லிமீட்டர் டயர் போட்ட ஹைபிரிட் சைக்கிள், இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது, வேலூர்ப் பக்கம் இருந்தபடியே எப்படித் தயாராவது என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணத்தில் உங்களைச் சோதிக்கப்போவது தூரமோ ஏற்றமோ அல்ல, மணல்தான். மணல் பழக வேண்டியவர் ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு கவலைப்படவே வேண்டாம். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வறண்டு, அரைக் கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக மணல் விரித்துக் கிடக்கும் பாலாறு உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. நான் பல ஆண்டுகளாகக் காட்பாடியிலிருந்து அந்த ஆற்றுக்குள் சைக்கிளை இறக்கி ஓட்டி வருகிறேன். பிரான்சின் அந்தக் கடலோரத்திலும் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன். அங்கே எனக்குக் கைகொடுத்தது, பள்ளிகொண்டாவுக்கும் வேலூருக்கும் நடுவே ஆற்றில் கற்றுக்கொண்டதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

போகப்போகும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் எதைப் பழக வேண்டும் என்பது தானாக விளங்கும். லாந்த் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியின் காடு ஏறத்தாழ 10 லட்சம் எக்டேர் பரப்பளவு கொண்டது. மூன்றாகப் பிரிப்பதற்கு முந்தைய வேலூர் மாவட்டமே 6,000 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நம் மாவட்டத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் மரம் நிற்கிறது என்று பொருள். ஆனால் அது ஆதிகாலக் காடு அல்ல, பெரும்பகுதி மனிதர் நட்டு வளர்த்த காடு. ஒரு காலத்தில் அங்கே உள்நாட்டுப் பக்கம் சதுப்பு நிலமாகவும், கடலோரம் காற்றில் நகரும் மணல்மேடுகளாகவும் கிடந்தது. சதுப்பில் ஆடு மேய்த்தவர்கள் உயரமான பொய்க்கால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். நகரும் மணலைப் புல்லும் பைன் விதையும் தூவி நிறுத்தும் வேலையைப் பிரெமோந்தியே என்ற பொறியாளர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முன்னெடுத்தார். பின்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1857இல், சதுப்பை வடித்து மரம் நடும்படி ஊர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வந்தது. ஆகவே, எவ்வளவு அடர்ந்த காட்டுக்குள் நீங்கள் போனாலும் சக்கரத்தின் கீழே இருப்பது மணல்தான். மேலே பைன் ஊசிகள் மெத்தைபோலப் பரவியிருக்கும், அதை விலக்கினால் வெளிறிய மணல் தெரியும்.

நம் கிழக்குக் கடற்கரையின் சவுக்குத் தோப்புகளும் மணலை நிறுத்தும் இதே நோக்கத்துக்கும் பயன்பட்டவைதாம். சவுக்கைப் பார்த்துப் பைன் என்று நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். உண்மையில் அது பைன் இனமே அல்ல, பூக்கும் தாவரம். நாம் ஊசி இலை என்று எண்ணுவது இலை அல்ல, மெல்லிய பச்சைக் கிளை. ஒன்றைப் பறித்து இரு விரல்களால் மெதுவாக இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும், அந்தக் கணுவைச் சுற்றிப் பல்போல ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய செதில்களே இலைகள். லாந்தின் கடலோரப் பைனில் ஒரே காம்பிலிருந்து இரண்டிரண்டாக, ஒரு சாண் அளவுக்குத் தடித்த ஊசிகள் வரும். சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. உதிர்ந்த சவுக்குச் சருகு மணலோடு பின்னிக் கம்பளிபோலப் பிடித்துக்கொள்ளும், அதன்மேல் டயர் வழுக்குவது குறைவு. பைன் ஊசி உலர்ந்தால் வழவழப்பாகிவிடும், நேராக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது, வளைவில் பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். கையளவு பருத்த பைன் காய்கள் வழியெங்கும் உருண்டு கிடக்கும், முன்சக்கரம் அதன்மேல் ஏறினால் விழுவது நிச்சயம். வேர்கள் வழிக்குக் குறுக்கே புடைத்துக்கொண்டு நிற்கும் இடங்களும் உண்டு. அவற்றைச் சரிந்த கோணத்தில் கடக்காமல் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

இனி சைக்கிள். கிராவல் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு டிப்பர் லாரியில் ஏற்றிவந்து சாலைக்குக் கொட்டும் செம்மண்தான் நினைவுக்கு வரும். கிராவல் சைக்கிள் என்பதும் ஏறக்குறைய அந்தப் பொருளில் பிறந்த பெயர்தான். தார் போடாத சரளைச் சாலையில் நெடுந்தூரம் போவதற்காக, ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும் அதைவிட அகலமான டயரும் சேர்ந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துச் சரளைச் சாலைகளில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இதைப் புகழ்பெறச் செய்தது, 2022இல் இத்தாலியில் இதற்கு முதல் உலக சாம்பியன் போட்டியும் நடந்தது. இந்த வரலாறு உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. தேவையானது டயரின் அகலம். 32 மில்லிமீட்டர் டயர் பைன் காட்டு நடுவே ஓடும் தார் போட்ட சைக்கிள் பாதைகளுக்குத் தாராளமாகப் போதும். மணலுக்குப் போதாது. 42 முதல் 50 வரை இருந்தால் நல்லது. உங்கள் ஹைபிரிட் சைக்கிளில் அகலமான டயர் போட இடம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. டயர் போட்ட பிறகு அதற்கும் பிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு பென்சில் உரசாமல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அங்கே மணல் சிக்கிப் பிரேமை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிடும். மூன்று நாள் பயணத்துக்காக லட்சக்கணக்கில் புதுச் சைக்கிள் வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே உங்கள் சைக்கிளில் பிரேம் அனுமதிக்கும் அளவுக்கு அகலமான டயரைப் போட்டுப் பழகுங்கள், அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய சீட்டையும் பெடலையும் மட்டும் கழற்றி எடுத்துப்போவது நல்லது.

டயரின் மேற்பரப்பில் பொத்தான்போலப் பெரிய பெரிய புடைப்புகள் இருந்தால் மணலில் பிடிமானம் கிடைக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்டு. சேற்றுக்கு அது சரி, மணலுக்குச் சரியல்ல. நெதர்லாந்தின் எக்மொண்ட் கடற்கரையில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடக்கும் மணல் பந்தயம் போன்றவற்றில் ஓட்டுபவர்கள் அகலமான வழவழப்பு டயர்களையே விரும்பிப் போடுகிறார்கள். பொத்தான் மணலைத் தோண்டும், வழவழப்பான டயர் மணல்மேல் மிதந்து செல்லும். தோண்டத் தொடங்கிய சக்கரம் நின்றுவிடும்.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினால், காற்றழுத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பாருங்கள். ஓட்டுபவர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று கொண்டால், பின்சக்கரத்தின்மேல் ஏறத்தாழ 50 கிலோ இறங்கும். டயரில் 40 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ. அந்த 50 கிலோவைத் தாங்க டயர் தரையில் ஏறத்தாழ 18 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் படிந்தால் போதும். காற்றை 20 பி.எஸ்.ஐ. ஆக இறக்கினால் படியும் பரப்பு 36 சதுர சென்டிமீட்டராக இரட்டிப்பாகும். ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதும் இதற்காகத்தான். கெட்டியான சரளைப் பாதையில் 45 மில்லிமீட்டர் டயருக்கு 30 முதல் 35 வரை வைப்பேன், உலர்ந்த மணல் வந்தால் நின்று 18, 20க்கு இறக்குவேன், மறுபடி தார்ச்சாலை வந்ததும் கைப்பம்பால் ஏற்றுவேன். ஒவ்வொரு தடவையும் இறங்கி இறக்கி ஏற்றுவது அலுப்பாகத் தோன்றும். ஆனால் அந்த மூன்று நிமிட வேலையைச் செய்யாதவர் அரை மணி நேரம் சைக்கிளைத் தள்ளுவார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கணிக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. 20க்கும் 28க்கும் உள்ள வேறுபாட்டை விரல் சொல்லாது. காற்றழுத்தம் காட்டும் சிறிய அளவி ஒன்றை வாங்கிப் பையில் வையுங்கள்.

முதன்முறை கூவத்தூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பைக் கடந்து கடற்கரைக்கு இறங்கியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. சென்னைச் சாலையில் வந்த 60 பி.எஸ்.ஐ. காற்றோடு அப்படியே மணலில் இறங்கினேன். இருபது அடி போவதற்குள் முன்சக்கரம் கத்திபோல மணலைக் கீறிக்கொண்டு புதைந்தது, நான் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்தேன். பின்பக்கக் கியரைத் தாங்கும் சிறிய உலோகத் துண்டு வளைந்து, மிச்சமிருந்த 12 கிலோமீட்டரையும் ஒரே கியரில் ஓட்டி முடித்தேன். வலை காயவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "மணல்ல தள்ளிக்கினு போப்பா, ஏன் மெதிக்கிற?" என்றார். எந்த இடத்தில் மிதிப்பது, எந்த இடத்தில் இறங்கித் தள்ளுவது என்று பிரித்தறிவதுதான் இந்தக் கலையின் பாதி என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

அதைப் பிரித்தறியக் கண் பழக வேண்டும். ஈர மணல் கெட்டியாக இருக்கும், உலர்ந்த மணல் புதையும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அலை அப்போதுதான் பின்வாங்கிய இடத்தில் காலை அழுத்தி ஊன்றிப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்ததுபோல ஆகும், காலை எடுத்ததும் நீர் திரும்பி வந்து பளபளக்கும். நெருங்கி அடுக்கியிருக்கும் மணல் துகள்களை அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தாண்டி நகர்வதற்காக விலகுகின்றன, நடுவே இடைவெளி பெருகுகிறது, மேற்பரப்பு நீர் அதற்குள் உறிஞ்சப்படுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் 1885இல் இதை விளக்கினார். ஓட்டுபவருக்கு இது நல்ல அடையாளம். உங்கள் முன்சக்கரத்தைச் சுற்றி அந்த வெளிறிய வளையம் கூடவே ஓடி வந்தால், தரை கெட்டி என்று நம்பி மிதிக்கலாம். வளையம் இல்லாமல் நீர் மேலே பிதுங்கி வந்தால் அது கொழகொழத்த மணல், விலகிவிடுங்கள். உலர்ந்த பகுதியில் நிறத்தைப் பாருங்கள். மேலே வெளிறியும் காற்று வரைந்த வரிகளோடும் இருப்பது தளர்ந்த மணல். சற்றே கருத்து, மேல் ஓடு கட்டியிருப்பது தாங்கும்.

பாலாற்றில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்த தலைமுறைக்கு மேல்மணலுக்கு அடியில் ஈரம் எங்கே இருக்கும் என்பது நன்றாகத் தெரியும். வட ஆற்காட்டில் ஆற்று மணலிலிருந்து ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோன வழக்கமே இருந்தது. இப்போது தை மாதம். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றில் கொஞ்சம் நீர் ஓடி வடிந்திருந்தால், அந்த நீர்த்தடத்தை ஒட்டிய மணல், ஓதம் வடிந்த கடற்கரையைப் போலவே கெட்டியாக இருக்கும். பயிற்சியை அங்கே தொடங்குங்கள். முதல் மாதம் அந்த ஈர மணலில் நேர்கோட்டில் 200 மீட்டர் ஓட்டப் பழகினால் போதும். மாசி, பங்குனியில் மணல் காயக் காய, நீங்களும் அதனோடு சேர்ந்து தளர்ந்த மணலுக்குப் பழகிவிடுவீர்கள். இப்படிப் படிப்படியாகக் கடினமாகும் பயிற்சித் தளம் கடலோரத்தில் இருப்பவர்களுக்குக்கூட வாய்க்காது.

மணலில் ஓட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணல் வருவதற்கு முன்பே லேசான கியருக்கு மாறிவிட வேண்டும், உள்ளே போன பிறகு மாற்றினால் அந்த ஒரு நொடித் தயக்கத்திலேயே வேகம் செத்துவிடும். உடலின் பாரத்தைச் சீட்டின் பின்பகுதிக்குத் தள்ளி, முன்சக்கரத்தை லேசாக்க வேண்டும். கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்க வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது, முன்சக்கரம் இப்படியும் அப்படியும் கொஞ்சம் அலைவதை அனுமதித்தால் அதுவே நேராகும், இழுத்துத் திருப்பினால் புதையும். எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. முன்பிரேக்கைத் தொடவே கூடாது. பார்வை சக்கரத்துக்கு முன்னே அல்ல, பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வேகம் நடையைவிடக் குறைந்துவிட்டால், விழும்வரை போராடாமல் இறங்கித் தள்ளி, அடுத்த கெட்டியான திட்டிலோ புல் முளைத்த இடத்திலோ மறுபடி ஏறுங்கள்.

ஆற்றில் சில ஆபத்துகள் உண்டு. மணல் அள்ளிய குழிகள் மழைக்குப் பிறகு நீர் நிரம்பிச் சமமாகத் தெரியும், அவற்றின் ஆழம் மேலிருந்து தெரியாது. ஆகவே நடந்து பார்க்காத இடத்தில் ஓட்டாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தேங்கிய நீரில் சக்கரத்தையும் காலையும் இறக்க வேண்டாம். தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது என்பது அந்தத் தொழிலிலேயே இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 நவம்பரில் இந்த ஆறு கரை கொள்ளாமல் ஓடியதையும் பார்த்தோம், மேலே மழை என்று செய்தி வந்தால் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள். இவற்றோடு, நாள்தோறும் தொல்லை தருவது சீமைக்கருவேல முள். ஆற்றோரம் முழுக்க அதுதான். சாதாரண டியூபோடு போனால் ஒரே காலையில் இரண்டு பஞ்சர் ஒட்ட வேண்டிவரும். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் ஊற்றிக்கொண்டால் முள் குத்திய துளையை அதுவே அடைத்துவிடும். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் உலர்ந்துபோகும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயரைக் குலுக்கிப் பார்த்து, சத்தம் கேட்காவிட்டால் புதிதாக ஊற்ற வேண்டும். முள்ளைப் பிடுங்கும்போது அது முழுதாக வெளியே வந்ததா என்று டயரின் உட்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். முறிந்த நுனி உள்ளேயே தங்கி, அடுத்த வாரம் மறுபடி குத்தும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜவ்வாது மலையையும் ஏறி இறங்கினால் பயிற்சியாகுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவை அருமையான இடங்கள், ஆனால் இந்தப் பயணத்துக்கு அவை அவ்வளவு உதவா. லாந்த் தட்டையான நிலம், கடலோர மணல்மேடுகளைத் தவிர ஏற்றமே கிடையாது. தட்டை நிலத்தின் கடினம் வேறு வகையானது. மலையில் ஏறிய பிறகு இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும். அங்கே ஐந்து மணி நேரமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து காற்று வேறு வந்து மோதும். ஆகையால் வாரம் ஒருமுறை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஆற்காடு, காவேரிப்பாக்கம் வழியாகத் தட்டையான சாலையில் 60, 70 கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓட்டிப் பழகுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், கத்திரி வெயிலில் அதற்குமேல் ஓட்டுவது பயிற்சி அல்ல.

அங்கே போன பிறகு கவனிக்க வேண்டியவை சில உண்டு. வட பிரான்சின் ரோஸ்கோஃபிலிருந்து ஸ்பெயின் எல்லையிலுள்ள ஆந்தாய்வரை வெலோதிசே என்ற நெடுஞ்சைக்கிள் பாதை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. லாந்தின் பைன் காடுகளுக்குள் போகும் பகுதி அதன் அழகான பகுதிகளுள் ஒன்று. அதன் பெரும்பகுதி மேடுபள்ளமில்லாத சீரான பாதை, அதிலிருந்து பிரிந்து செல்லும் தீத்தடுப்புப் பாதைகளும் மரம் ஏற்றும் பாதைகளுமே கிராவல் சைக்கிளுக்கு உரியவை. ஆனால் 2022 ஜூலையில் அந்தப் பக்கம், கடலோர ஊரான அர்க்கஷோன் அருகிலும் உள்நாட்டு ஊரான லாந்திராஸ் அருகிலும் பற்றிய தீயில் 20,000 எக்டேருக்கும் மேற்பட்ட காடு எரிந்தது. அதனால் தீ அபாயம் மிகுந்த நாட்களில் காட்டுக்குள் நுழைவதையே அரசு தடைசெய்யும். செப்டம்பரிலும் வறட்சி நீடித்தால் தடை வரலாம், ஒவ்வொரு நாள் காலையும் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

நம் கடலுக்குப் பழகியவர்களுக்கு அங்கே பெரிய வேறுபாடு ஓதம். சென்னைக் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அர்க்கஷோன் பக்கம் அது 4 மீட்டரைத் தொடும். செப்டம்பர் இறுதியில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிவரும் அமாவாசை, பௌர்ணமியில் ஆண்டின் மிகப் பெரிய ஓதங்கள் வரும். அந்நாட்களில் கடல் நன்றாக வற்றியதும் அகன்ற கெட்டி மணல் வெளிப்படும், கண்ணுக்கெட்டிய தூரம் நேராக ஓட்டலாம். வற்றம் முடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு மணலில் இறங்கி, முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரையேறிவிடுவதுபோலத் திட்டமிடுங்கள். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம், ஆகையால் நேரம் நாள்தோறும் 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் கரைக்கே உரிய ஆபத்து, உள்ளூரார் பாயின் என்று சொல்லும் குளம் போன்ற பள்ளங்கள். வற்றத்தின்போது அமைதியான தேக்கமாகத் தெரியும் அவற்றிலிருந்து, நீர் ஏறும்போது கடலை நோக்கி மிக வலுவான இழுவை உண்டாகும், ஆண்டுதோறும் அதில் உயிர்கள் போகின்றன. முழங்கால் அளவுதானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதைக் கடக்க முயலாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். குளிப்பவர்களுக்கு ஒதுக்கிய பகுதிகளில் ஓட்டக் கூடாது. புல் வைத்துக் காக்கும் முன்வரிசை மணல்மேட்டின்மேல் வேலியிட்ட வழியைத் தவிர வேறெங்கும் ஏறக் கூடாது. அந்தப் புல்லின் வேர்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கிறது.

கிளம்புவதற்கு முன், ஆவணி வாக்கில், ஒத்திகையாக ஒரு பயணம் போய்வரச் சொல்வேன். பாலாற்றைத் தொடர்ந்தே கடலுக்குப் போங்கள். ராணிப்பேட்டையிலிருந்து முதல் நாள் காஞ்சிபுரம். மறுநாள் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம், அங்கே பழைய டச்சுக் கோட்டை இருக்கிறது. கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தை ஒட்டிய பகுதிக்குள் போகாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே வந்தால், வாயலூர் அருகே பாலாற்றுப் பாலம் வரும். அதைத் தாண்டிக் கூவத்தூர்வரை சாலையின் கடல் பக்கம் சவுக்குத் தோப்புகள் உண்டு. பெரும்பாலானவை பட்டா நிலம், சில வனத்துறைக்கு உரியவை, கேட்டுக்கொண்டு நுழையுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. நம் கரை செங்குத்தாகச் சரிவதால் கெட்டி மணல் குறுகலாகவே கிடைக்கும், லாந்தைவிட இது கடினம் என்பதே என் அனுபவம். பனிக்காலத்தில் இந்தக் கரைக்குப் போக நேர்ந்தால் இரவில் மணலில் ஓட்டாதீர்கள், சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும்.

திரும்பியதும் அன்றிரவே சைக்கிளை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். முதல் பயணத்தில் களைப்பால் நான் அப்படியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கினேன், பத்து நாளில் செயின் செம்பழுப்பாகிவிட்டது, அலுமினியத்துக்குள் இறுகிய எஃகுத் திருகாணிகள் உப்பால் அப்படியே பற்றிக்கொண்டு, ஒன்றைத் துளையிட்டுத்தான் எடுக்க முடிந்தது. அழுத்தமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம், அது மணலையும் உப்பையும் பேரிங்குக்குள் தள்ளிவிடும். குவளையால் மேலிருந்து ஊற்றி, செயினைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, பிறகு ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை வெளியே மிச்சமிருந்தால் அடுத்த முறை மணல் அதில் ஒட்டிக்கொண்டு பல்சக்கரத்தை அரிக்கும். வாடகைச் சைக்கிளாக இருந்தாலும் பிரான்சில் ஒவ்வொரு மாலையும் இதையே செய்யுங்கள், மறுநாள் காலை கியர் சொன்னபடி கேட்கும்.